இம்பீடன்ஸுக்குப் பேர் வச்சவர்

இஎம்ஐ சிமுலேஷன் கத்துக்க உட்கார்ந்தால் சாஃப்ட்வேர் ஆரம்பத்திலேயே போர்ட் இம்பீடன்ஸ் கேட்கும். யோசிக்காமல் 50 ஓம் என்று அடித்துவிட்டு அடுத்த விண்டோவுக்குப் போய்விடுவோம். இம்பீடன்ஸ் என்ற அந்தச் சொல்லை 1886-ல் உருவாக்கியவரும், ரன் அமுக்கியதும் சாஃப்ட்வேர் தீர்க்கிற சமன்பாடுகளுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவரும் ஒரே ஆள்தான். ஆலிவர் ஹெவிசைடு. டிகிரி எதுவும் கிடையாது.

1850-ல் லண்டன் கேம்டன் டவுனில், கஷ்டப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் காதைப் பாதித்தது. 16 வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பெரியம்மா வீட்டுக்காரர் சார்லஸ் வீட்ஸ்டன். நம்ம லேப் பிரிட்ஜ் இருக்கே, அதே வீட்ஸ்டன். அவர் ஆர்வத்தில் தந்தித் துறைக்கு வந்து டென்மார்க்கிலும் நியூகாசிலிலும் ஆபரேட்டராக இருந்தார் ஹெவிசைடு. 1873-ல் மேக்ஸ்வெல்லின் புத்தகம் வெளிவந்தது. புரட்டிப் பார்த்தால் கணக்கு சுத்தமாகப் புரியவில்லை. இதைப் புரிந்துகொண்டே ஆகணும் என்று முடிவு செய்து, 1874-ல் 24 வயதில் வேலையை விட்டுவிட்டு அப்பா அம்மா வீட்டுக்கே திரும்பினார். அப்புறம் சாகும்வரை எந்த வேலைக்கும் போகவில்லை. நம்ம வீட்டில் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்க.

மேக்ஸ்வெல் 1879-லேயே இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது 20 சமன்பாடுகள், 20 மாறிகள். ஹெவிசைடு தனி அறையில் உட்கார்ந்து, தனக்குத் தேவையான வெக்டர் கணிதத்தையும் தானே அமைத்துக்கொண்டு, 1885 வாக்கில் அதை நாம் படிக்கிற நான்காகச் சுருக்கினார். 1966-ல் கேன் யீ என்பவர் அதில் வரும் இரண்டு கர்ல் சமன்பாடுகளை எடுத்து, வெளியைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரித்து, நேரத்தையும் படிப்படியாக நகர்த்தித் தீர்த்துக் காட்டினார். எஃப்டிடிடி என்று நாம் தேர்ந்தெடுக்கிற சால்வர் அதுதான்.

குறுக்கீடும் அவருக்கு அன்றாடப் பிரச்சினைதான். பக்கத்து வயரில் போகிற சிக்னல் இந்த வயரிலும் கேட்கும். 1880-ல் அவர் வாங்கிய காப்புரிமை, ஒரு வயரைச் சுற்றி இன்னொரு கடத்தியைக் குழாய் போல மூடுவது. புலம் இரண்டுக்கும் நடுவிலேயே அடங்கிவிடும், வெளியே கசியாது. அதாவது கோஆக்ஸியல் கேபிள்.

பெரிய சண்டை வந்தது இன்னொரு விஷயத்தில். கெல்வின் போட்ட கேபிள் மாடலில் ஆர், சி இரண்டு மட்டும்தான். ஹெவிசைடு எல், ஜி இரண்டையும் சேர்த்தார். சேர்த்ததும் விடை தலைகீழானது. ஆர்/எல், ஜி/சி இரண்டும் சமமானால் எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில் போகும், சிக்னல் வடிவம் குலையாது. சாதாரண கேபிளில் ஜி ரொம்பக் குறைவு. அதனால் இண்டக்டன்ஸைக் கூட்டணும் என்றார். அஞ்சல் துறையின் தலைமை மின் பொறியாளர் வில்லியம் ப்ரீஸோ இண்டக்டன்ஸே கெடுதல் என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தவர். அண்ணன் ஆர்தர் அவருக்குக் கீழே வேலை பார்த்தார். 1887-ல் அண்ணன் தம்பி சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவராமல் ப்ரீஸ் தடுத்துவிட்டார். ஹெவிசைடு தொடர்ந்து எழுதிவந்த பத்திரிகையிலும் அதே வருஷம் ஆசிரியர் மாறினார், தொடர் நின்றது. கணக்கு சரியாக இருந்தும் மாடலில் ஒரு உறுப்பை விட்ட ஆள் பதவியில் இருந்ததால் பிரிட்டன் அந்த யோசனையைத் தவறவிட்டது. 1900-ல் அமெரிக்காவில் மைக்கேல் பியூபின், கேபிளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகச் சுருள் வைப்பதற்குக் காப்புரிமை வாங்கி, ஏடி அண்ட் டி-க்கு விற்றுப் பணக்காரரானார். ஹெவிசைடு இதற்குக் காப்புரிமை எடுத்திருக்கவில்லை. எனக்கு இந்த இடத்தில் எப்பவும் ஆத்திரமா வரும்.

1891-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனால் மூன்று வருஷத்தில் அதே சொசைட்டி, அவருடைய ஆபரேட்டர் கணிதத்தில் நிரூபணம் போதாது என்று கட்டுரையைத் திருப்பிவிட்டது. லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் வைத்து நாம் போடுகிற சர்க்யூட் கணக்குகளை அவர் அன்றைக்கே அந்த முறையில் போட்டுக்கொண்டிருந்தார். வறுமையைப் பார்த்து நண்பர்கள் உதவித்தொகை ஏற்பாடு செய்தபோது, தர்மம் வேண்டாம் என்று மறுத்தார். 1896-ல் வருஷத்துக்கு 120 பவுண்ட் அரசு ஓய்வூதியத்தை, இது உங்கள் வேலைக்கான மரியாதை என்று நண்பர்கள் சொல்லிச் சொல்லித்தான் ஏற்க வைத்தார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசி வருஷங்களில் டார்க்கீ ஊரில் தனியாக, காதும் சரியாகக் கேட்காமல், யாரையும் அண்ட விடாமல் இருந்தார். 1922-ல் ஃபாரடே பதக்கத்தை முதன்முதலில் அவருக்குத்தான் கொடுத்தார்கள். 1925 பிப்ரவரி 3-ல், ஏணியிலிருந்து விழுந்த கொஞ்ச நாளில் இறந்தார். பெயிண்டன் கல்லறையில் அப்பா அம்மா பக்கத்திலேயே புதைத்தார்கள்.