அப்பா பொத்திவைத்த பழைய பிராந்தி... விட்டுக்கொடுக்கச் சொன்ன மகன்! யார் இந்த ழான் மோனே?

ஐரோப்பிய யூனியன் உருவானதில் முக்கியப் பங்கு வகித்தவர் ழான் மோனே. ஆனால் அவர் தேர்தலில் ஜெயித்து வந்த அரசியல்வாதி கிடையாது. பிராந்தி வியாபாரி வீட்டுப் பிள்ளை!

பிரான்ஸின் கோன்யாக் என்ற சிறிய ஊரில் 1888 நவம்பர் 9-ல் பிறந்தார் மோனே. அந்த ஊர் பேரில்தான் உலகம் முழுக்க அந்த பிராந்தி விற்கிறது. சிறு திராட்சை விவசாயிகள் சேர்ந்து நடத்திய ஒரு நிறுவனத்தை அவருடைய அப்பா கவனித்துவந்தார்.

அந்த பிராந்தியில் அப்படி என்ன?

(குடி குடியைக் கெடுக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். இது சரித்திரக் கதை மட்டும்தான்.)

வெள்ளைத் திராட்சை ஒயினைச் செம்புப் பாத்திரத்தில் இரண்டு முறை காய்ச்சி வடிப்பார்கள். ஒரு லிட்டர் பிராந்திக்குச் சுமார் 9 லிட்டர் ஒயின் செலவாகும். அப்போது அதற்கு நிறமே இருக்காது, தொண்டையைப் பிடிக்கும். ஓக் மர பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்தால்தான் பொன்னிறமும் வாசனையும் வரும். பாட்டிலில் அடைத்துவிட்டால் அதற்குப் பிறகு வயசு ஏறாது. பாட்டிலில் 50 வருஷம் இருந்தாலும் அது அதேதான்.

பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் வரை காற்றில் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். அந்த ஆவியில் வளரும் பூஞ்சையால் கோன்யாக் ஊர்ச் சுவர்கள் இன்றும் கருப்பாக இருக்கின்றன. பல பத்தாண்டுகள் தாண்டிய பிராந்தியைக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, தனி அறையில் வைப்பார்கள். அந்த அறைக்குப் பேரே சொர்க்கம்!

தாத்தா காய்ச்சியதைப் பேரன் விற்கிற தொழில் இது. பொறுமை இல்லாதவருக்கு அங்கே வேலையே இல்லை.

16 வயதில் படிப்பு கட்

பள்ளியை 16 வயதில் விட்ட மோனே, ஆங்கிலமும் வியாபாரமும் கற்க லண்டன் போனார். 18 வயதில் ஆர்டர் பிடிக்கக் கனடா. புத்தகம் தூக்கிக்கொண்டு போகாதே, ஜன்னல் வழியாகப் பார், மனிதர்களிடம் பேசு என்று அப்பா சொல்லி அனுப்பினாராம்.

1914-ல் முதல் உலகப்போர். உடல்நிலை காரணமாக ராணுவத்தில் சேர முடியவில்லை. பிரிட்டனும் பிரான்ஸும் தனித்தனியாகப் பொருள் வாங்கி, தனித்தனியாகக் கப்பல் பிடித்து வீணடிப்பது அவர் கண்ணில் பட்டது. நேராகப் பிரான்ஸ் பிரதமர் விவியானியைச் சந்தித்து, சேர்ந்து செய்யலாமே என்றார். அப்போது அவருக்கு 25 வயதுதான். போருக்குப் பின் சர்வதேச சங்கத்தின் துணைப் பொதுச்செயலாளர் பதவி வந்தது.

வீட்டில் விழுந்த இடி

ஆனால் குடும்ப நிறுவனம் தள்ளாடியது. 1923-ல் பதவியை உதறிவிட்டு ஊர் திரும்பினார் மோனே.

கிடங்கில் அருமையான பழைய பிராந்தி இருந்தது. ஆனால் சந்தை கேட்டதோ விலை குறைந்த, வயசு குறைந்த பிராந்தி. பழசைக் கொடுத்துவிட்டு, ஓடக்கூடிய சரக்கை வாங்கலாம் என்றார் மகன். தரம்தான் உயிர் என்று வாழ்ந்த அப்பாவுக்கு மனசே வரவில்லை. அவர் பார்வையில் அது வெறும் ஸ்டாக் இல்லை, ஆயுள் சேமிப்பு. மகன் சொன்னது கணக்குப்படி சரி. ஆனாலும் அப்பாவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

கடைசியில் மகன் பேச்சுதான் நின்றது. கனடாவின் ஹட்சன்ஸ் பே கம்பெனியும் கடன் கொடுத்துக் கைகொடுக்க, நிறுவனம் பிழைத்தது. அதன்பின் மோனே வங்கித் துறைக்குப் போய்விட்டார்.

நிலக்கரியும் இரும்பும்

இரண்டாம் உலகப்போர் முடிந்தும் பிரான்ஸ், ஜெர்மனி பகை தீரவில்லை. ஆயுதம் செய்ய நிலக்கரியும் எஃகும் வேண்டும். அந்த இரண்டையும் பொது நிர்வாகத்தில் வைத்துவிட்டால் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போருக்குத் தயாராக முடியாது. மோனே குழு தயாரித்த இந்தத் திட்டத்தை, பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் ஷூமான் 1950 மே 9-ல் அறிவித்தார். அந்த நாள்தான் இப்போது ஐரோப்பா தினம். 1952-ல் 6 நாடுகளின் அந்த அமைப்புக்கு முதல் தலைவரானார் மோனே.

1979 மார்ச் 16-ல், 90 வயதில் காலமானார். 1988-ல், அவர் பிறந்து சரியாக 100 வருஷம் ஆன அன்று, உடல் பாரிஸின் பாந்தியோன் நினைவிடத்துக்கு மாற்றப்பட்டது. மோனே பேர் போட்ட கோன்யாக் பாட்டில் அதற்கு முன்பே குடும்பத்தின் கையை விட்டுப் போயிருந்தது.