மகளை இழந்த மேதை

ஜேம்ஸ் வாட் என்றதும் நீராவி எந்திரம் நினைவுக்கு வரும். கொதிக்கும் கெட்டிலின் மூடியைச் சிறுவன் வாட் உற்றுப் பார்த்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் கதை இருக்கட்டும். மூச்சுத் திணறும் நோயாளிகளுக்காகவும் அவர் ஓர் எந்திரம் செய்தார். அது பலருக்குத் தெரியாது.

வாட் 1736-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பிழைத்தார். பழைய நீராவி எந்திரத்தைத் திருத்தி அமைத்துப் பேரும் பணமும் பெற்றார். இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரில் குடியேறினார்.

அவருடைய செல்ல மகள் ஜெஸ்ஸி. அவளைக் காசநோய் பற்றியது. தாமஸ் பெடோஸ் என்ற டாக்டர் வைத்தியம் பார்த்தார். பலன் இல்லை. 1794-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜெஸ்ஸி இறந்து போனாள். பதினைந்தே வயது!

வாட்டுக்கு அப்போது வயது 58. அவர் மூலையில் முடங்கிவிடவில்லை.

டாக்டர் பெடோசுக்கு ஓர் எண்ணம் இருந்தது. நோய் இருப்பது நுரையீரலில். மருந்தை வயிற்றுக்குக் கொடுப்பானேன்? காற்றாகவே நுரையீரலுக்குக் கொடுத்தால் என்ன? அதற்குக் கருவிதான் இல்லை.

அந்தக் கருவியை, மகள் இறந்த சில மாதங்களில் வாட் செய்து முடித்தார்.

பட்டுப் பை

அடுப்பில் ஓர் இரும்புக் குழாய். அதற்குள் மாங்கனீசுத் தாது. குழாய் பழுக்கக் காய்ந்ததும் பிராணவாயு வெளிவரும். அதைத் தண்ணீரில் குளிர வைத்து, எண்ணெய் பூசிய பட்டுப் பையில் பிடிப்பார்கள். நோயாளி அந்தப் பையில் வாயை வைத்து மூச்சு இழுப்பார்.

வாட்டின் தொழிற்சாலையே இவற்றைச் செய்து விற்றது. 1799-ம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் டாக்டர் பெடோஸ் காற்று வைத்தியத்துக்கென்றே ஒரு மருத்துவமனையும் திறந்தார்.

ஆனால் காசநோய் குணமாகவில்லை. அது கிருமியால் வரும் நோய். அந்தக் கிருமி 1882-ம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பிராணவாயு அதைக் கொல்லாது. 1804-ம் ஆண்டு வாட்டின் மகன் கிரிகரியும் அதே நோய்க்குப் பலியானான். 1819-ம் ஆண்டு, 83-வது வயதில் வாட் காலமானார்.

பிராணவாயு வேறு நோயாளிகளுக்குக் கைகொடுத்தது. நாள்பட்ட நுரையீரல் நோயால் சிலருக்கு இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்துவிடும். அவர்கள் வீட்டிலேயே தினமும் 15 மணி நேரம் பிராணவாயு சுவாசித்தால் ஆயுள் நீடிக்கிறது என்று 1981-ம் ஆண்டு பிரிட்டனில் நிரூபித்தார்கள். அந்த ஆராய்ச்சி நடந்த ஊர்களில் ஒன்று, வாட் வாழ்ந்த பர்மிங்காம்!

இன்றைய எந்திரத்துக்கு அடுப்பு வேண்டாம், தாது வேண்டாம். அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, பிராணவாயுவை மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கிறது.