மலைக்குப் படி அமைத்த வணிகர்

தவக்காலத்தில் சிலுவைப் பாதை செபித்தவாறு பரங்கிமலைப் படிகளில் ஏறாத பங்கு மக்கள் நம்மில் சிலரே இருப்பர். அப்படிகளைக் கட்டுவித்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் அர்மேனிய வணிகர். பாரசீகத்திலிருந்த ஜூல்ஃபா அவருடைய சொந்த ஊர். மணிலா வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிச் சென்னையில் குடியேறியவர்.

மலைமேலுள்ள ஆலயம் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பியது. 1547-இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை, பகலவி எழுத்துகளுடன் இன்றும் பீடத்தின் பின்சுவரில் பதிந்திருக்கிறது. ஆனால், கோட்டையிலிருந்து புறப்படும் திருப்பயணிகள் அங்கு போய்ச் சேர வேண்டுமே! நடுவில் அடையாறு, மழைக்காலத்தில் வெள்ளம். அதைத் தாண்டினால் செங்குத்தான மலை. உஸ்கான் இரண்டுக்கும் வழி செய்தார். 1726-இல் சைதாப்பேட்டையருகே 30,000 வராகன் செலவில் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். மலைக்குப் படிகளும் அமைத்து, அவற்றைப் பேணுவதற்கென்று தனியே பணமும் ஒதுக்கி வைத்தார். கட்டுவோர் பலர், பிற்காலப் பழுதுபார்ப்பை நினைப்போர் சிலரே என்பது ஆலயக் கணக்குப் பார்க்கும் நமக்குத் தெரியும்! 1960-களில் அப்பாலத்தின் இடத்தில் மறைமலையடிகள் பாலம் வந்தது. அர்மேனியம், பாரசீகம், இலத்தீன் ஆகிய மொழிகளில் அவர் நாட்டிய கல்வெட்டு, பாலம் போன பின்னும் நின்றது.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். டூப்ளேயின் பக்கம் சேர்ந்திருந்தால் உஸ்கானின் உடைமை தப்பியிருக்கும். அவர் இணங்கவில்லை, பெருஞ்செல்வத்தை இழந்தார். 1749-இல் நகர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், கத்தோலிக்கரும் அர்மேனியரும் பிரெஞ்சுக்காரருக்கு உடந்தை என்று ஐயுற்ற கும்பினியார் அவர்களைக் கோட்டைக்குள்ளிருந்து வெளியேற்றினர். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு அளித்தனர்.

அந்த விலக்கு அவர் எழுப்பிய ஆலயத்துக்கு நிலைக்கவில்லை. வேப்பேரியில் அற்புத மாதாவின் பெயரால் அவர் ஒரு சிற்றாலயம் கட்டியிருந்தார். 1751 சனவரியில், எழுபது வயதளவில் அவர் காலமானபோது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டே கும்பினியார் அதைப் புரொட்டஸ்டாண்டு மறைபணியாளரிடம் ஒப்படைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே புதிய ஆலயமும் எழுந்தது. அதுவே புனித மத்தியா ஆலயம். கத்தோலிக்க வழிபாடு அவ்விடம் விட்டுப் போய் இருநூற்றெழுபது ஆண்டுகள் ஆயினும், உஸ்கானின் கல்லறையை அச்சகோதர சபையார் அகற்றவில்லை என்பதை நாம் நன்றியுடன் சொல்ல வேண்டும்.

அவருடைய இதயம் மட்டும், அவர் விரும்பியபடி, பேழையில் வைத்து ஜூல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. உடல் வேப்பேரியில் இருக்கிறது. அப்பக்கம் போகும் நம் பங்கு மக்கள் சற்று நின்று அவருக்காக ஒரு செபம் சொல்லிவிட்டு வரலாம்.