காட்டின் பயத்தைப் படித்தவர்: ஜிம் கார்பெட்

1907-ம் ஆண்டு. இமயமலைப் பகுதியில் குமாவோன் என்று ஒரு மலைநாடு. அங்கே பாலி என்ற சிற்றூர்.

அந்த ஊரில் கோதுமை முற்றி, அறுவடைக்குக் காத்து நின்றது. ஆனால், அறுக்க ஒருவரும் போகவில்லை. ஊரில் ஐம்பது பேர் இருந்தார்கள். ஐம்பது பேரும் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். தழை ஒடிக்கப் போன ஒரு பெண்ணைப் புலி தூக்கிச் சென்று ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. அன்று முதல் யாரும் வாசற்படியைத் தாண்டவில்லை.

அந்த ஊருக்குத் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. முதல் இரவு, பாதையோரம் ஒரு மரத்தில் சாய்ந்தபடி தனியாக உட்கார்ந்து காவல் காத்தார். குளிரில் அவருடைய பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன. குளிரால் மட்டும் அல்ல, பயத்தாலும்தான் என்று பின்னாளில் அவரே ஒளிக்காமல் எழுதினார்.

பொழுது விடிந்தது. அவர் உயிரோடு இருப்பதை ஊரார் கண்டார்கள். அவர் துப்பாக்கியோடு காவல் நிற்க, மக்கள் அரிவாளோடு வயலில் இறங்கினார்கள். கோதுமை வீடு வந்து சேர்ந்தது.

அவர்தான் ஜிம் கார்பெட்.

பேயைத் தேடிப் போன சிறுவன்

கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நைனிடாலில் பிறந்தார். தந்தை அந்த ஊரின் தபால் அதிகாரி. பிள்ளைகள் பலர் உள்ள பெரிய குடும்பம். ஜிம் சிறுவனாக இருக்கும்போதே தந்தை காலமானார். தாய்தான் குடும்பத்தைக் கட்டிக் காத்தார்.

கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி. காலாதுங்கி வீட்டைச் சுற்றிலும் காடு. சிறுவன் ஜிம்முக்கு அந்தக் காடுதான் பள்ளிக்கூடம்.

காட்டில் பேய் அலறும் என்று ஒருவர் கதை சொல்லி அவனைப் பயமுறுத்தி வைத்திருந்தார். ஒருநாள் காற்று பலமாக அடித்தபோது அப்படியே ஓர் அலறல் கேட்டது. சிறுவன் ஓட்டமாக ஓடி வந்துவிட்டான். ஆனாலும் அந்தச் சத்தம் என்னவென்று அறியாமல் அவன் மனம் அடங்கவில்லை. மறுபடியும் போய் உற்றுப் பார்த்தான். ஒரு மரம் மற்றொரு மரத்தின் மேல் சாய்ந்து, காற்றில் உரசிக்கொண்டிருந்தது. பேயின் அலறல் அதுதான்!

பயம் வந்தால் அதன் காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். கார்பெட் சிறு வயதில் கற்ற முதல் பாடம் இது.

இரண்டாவது பாடத்தைக் கற்பித்தது ஒரு புலி. பழைய துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சிறுவன் காட்டில் திரிந்த காலம். ஒரு புதரை நெருங்கினான். புதர் அசைந்தது. உள்ளேயிருந்து புலி வெளியே வந்தது! அது நின்று சிறுவனைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்து போய்விட்டது. புலி மனிதனைத் தேடி வருவதில்லை, மனிதனைக் கண்டால் அது விலகவே விரும்புகிறது என்று அவன் அன்று தெரிந்துகொண்டான்.

குரங்கு சொன்ன செய்தி

காட்டில் எல்லா உயிர்களும் பயத்தோடுதான் வாழ்கின்றன. அந்தப் பயத்துக்கு ஒரு மொழி உண்டு. கார்பெட் அந்த மொழியைக் கற்றார்.

மரத்தின் உச்சியில் இருக்கும் மந்தி புலியைப் பார்த்துவிட்டால் குரல் கொடுக்கும். புள்ளிமான் தலையை நிமிர்த்திக் கூவும். கேளையாடு நாயைப் போலக் குரைக்கும். மயில் அகவும். எந்தப் பிராணி கத்துகிறது, எத்தனை தரம் கத்துகிறது, எந்தத் திசையைப் பார்த்துக் கத்துகிறது என்பதைக் கவனித்தால் போதும். புலி எங்கே இருக்கிறது, படுத்திருக்கிறதா, நடக்கிறதா என்று கார்பெட் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் குரல்களை அவரே அச்சாகக் கொடுக்கவும் பழகினார். 1938-ம் ஆண்டில் தாக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியை, ஆண்புலியைப் போலக் குரல் கொடுத்தே அவர் தம் அருகில் வரவழைத்தார். அப்போது அவருக்கு வயது 63.

ஆனால் வேட்டை அவருடைய தொழில் அல்ல. இளவயதிலேயே ரெயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் குத்தகையை எடுத்து, சுமார் 20 ஆண்டுகள் தொழிலாளிகளோடு தொழிலாளியாக உழைத்தார்.

உடைந்த பற்கள்

பாலி ஊர்ப் பெண்ணைக் கொன்ற புலிக்குச் சம்பாவத் புலி என்று பெயர். நேப்பாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரை அது கொன்றதாகக் கணக்கு. அதைச் சுடச் சம்மதித்தபோது கார்பெட் அரசாங்கத்துக்கு இரண்டு நிபந்தனைகள் போட்டார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காகப் புலியைக் கொல்பவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை.

சம்பாவத்தில் ஊரார் சுமார் முந்நூறு பேர் திரண்டார்கள். மேளமும் தகரமும் தட்டி, கூச்சலிட்டுப் புலியை விரட்டினார்கள். புலி கார்பெட் காத்திருந்த பக்கம் வந்தது. குண்டுபட்டு விழுந்தது.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலதுபுறத்தில் மேலும் கீழும் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எவரோ என்றோ சுட்ட குண்டு செய்த வேலை அது. மானைப் பிடித்துக் கொல்ல அந்தப் பெண்புலியால் முடியவில்லை. அதனால்தான் மனிதனிடம் வந்தது. 436 உயிர்கள் போனதற்கு மூலகாரணம் மனிதன் சுட்ட துப்பாக்கிதான்!

பகலில் புலி, இரவில் சிறுத்தை

கார்பெட் கண்டறிந்த இன்னோர் உண்மை உண்டு. மனிதனைத் தின்னத் தொடங்கிய புலி, மனிதனிடம் உள்ள பயத்தை இழந்துவிடுகிறது. பட்டப்பகலிலேயே வந்து தாக்குகிறது. ஆட்கொல்லிச் சிறுத்தை அப்படி அல்ல. எத்தனை பேரைக் கொன்றாலும் மனிதனிடம் அதற்குள்ள பயம் போவதில்லை. ஆகவே அது இருட்டில்தான் வரும். அதனால் அதைச் சுடுவது மிகவும் கடினம்.

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போகும் வழியில் உள்ள ருத்ரபிரயாகையில் அப்படி ஒரு சிறுத்தை இருந்தது. 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றது. இருட்டினால் அந்த வட்டாரமே அடங்கிவிடும். கதவுகள் சாத்தப்படும். யாத்திரிகர்கள் சத்திரங்களில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் படுத்திருப்பார்கள். கார்பெட் இரவு இரவாகக் காத்துக் கிடந்தார். 1926-ம் ஆண்டு மே மாதம் அதைச் சுட்டு வீழ்த்தினார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் இரவில் பயமின்றி நடமாடினார்கள்.

துப்பாக்கிக்குப் பதில் காமிரா

நாளாக ஆகக் கார்பெட்டின் மனம் மாறியது. ஆட்கொல்லியைத் தவிர வேறு புலியைச் சுடுவதில் அவருக்கு விருப்பம் இல்லாமல் போயிற்று. சினிமாக் காமிராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்.

அங்கேயும் பயம் குறுக்கே வந்தது. காமிரா ஓடும் மெல்லிய சத்தம் கேட்டாலே புலிகள் மறைந்துவிட்டன. கார்பெட் ஒரு யோசனை செய்தார். ஓர் ஓடையில் சிறு சிறு அணைகள் கட்டினார். தண்ணீர் சலசலவென்று விழுந்தது. அந்த ஓசையில் காமிராவின் சத்தம் அமுங்கிவிட்டது. பட்டப்பகலில் பல புலிகளை அவர் படம் பிடித்தார்.

காடுகள் அழிவதையும் வேட்டை பெருகுவதையும் கண்டு, பள்ளிக்கூடங்களுக்குச் சென்று மாணவர்களிடம் பேசினார். 1936-ம் ஆண்டில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவோன் மலையடிவாரத்தில் அமைந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 1944-ம் ஆண்டில் வெளிவந்த ‘குமாவோன் ஆட்கொல்லிகள்’ என்ற நூல் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது.

கார்பெட் மணம் செய்துகொள்ளவில்லை. 1947-ம் ஆண்டு நவம்பரில், தமக்கை மாகியுடன் கென்யா நாட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி காலமானார். அதன்பின் அந்தத் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973-ம் ஆண்டில் புலிகளைக் காக்கும் திட்டத்தை இந்திய அரசு அங்கேதான் தொடங்கியது.

கார்பெட் சொன்னது பொய்யாகவில்லை

காதாலும் கண்ணாலும் கார்பெட் அறிந்ததை, இன்று விஞ்ஞானிகள் கருவிகளைக் கொண்டு அறிகிறார்கள். 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டில், தண்ணீர் குடிக்க வரும் இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். சிங்கத்தின் உறுமலையும், மனிதர்கள் சாதாரணமாகப் பேசும் பேச்சையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார்கள். சிங்கத்தின் குரலுக்கு ஓடியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, மனிதக் குரலுக்கு விலங்குகள் ஓடின! மனிதர் நடமாட்டம் உள்ள இடங்களில் விலங்குகள் பகலை விட்டு இரவை நாடுகின்றன என்பதையும் 2018-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

புலிக்குப் பயந்த மான் ஒரே இடத்தில் நின்று மேய்வதில்லை. ஒரு வாய் புல், ஒரு பார்வை என்று நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் இளங்கன்றுகள் பிழைத்து மரமாகின்றன. புலி இல்லாமல் போனால் மானுக்குப் பயம் இல்லை. பெருகிப்போன மான்கள் துளிர்களை எல்லாம் மேய்ந்துவிடும். மானின் பயம் காட்டைக் காக்கிறது. புலி மனிதனைக் கண்டு விலகும் பயம், மனிதனைக் காக்கிறது. அந்தப் பயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குறி தவறிய குண்டும், ஆறாத காயமும்தான்.

காலாதுங்கியில் கார்பெட் வாழ்ந்த வீடு இன்று காட்சிசாலையாக இருக்கிறது. அந்த வட்டாரத்துக் காட்டில் இன்றும் மந்தி குரல் கொடுத்தால் மான்கள் தலைநிமிர்கின்றன. அருகில் எங்கோ புலி நடக்கிறது என்று அதற்கு அர்த்தம்.