பொறியியலை விட்டு வந்த ஹேர்ட்ஸ்

வானொலியில் முஸ்லிம் சேவையைக் கேட்பதற்காக நாம் தேடும் அலைவரிசையின் எண்ணுக்குப் பின்னால் மெகாஹேர்ட்ஸ் என்றொரு சொல் வரும். அது ஒரு மனிதரின் பெயர். ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் என்ற அந்த ஜேர்மனியர், பொறியியல் படிக்கப் போய், இடைவழியில் பௌதிகவியலுக்கு மாறியவர்.

உயர்தர வகுப்புகளில் பௌதிகவியல் கற்பிப்பவன் என்பதால் இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்ல நேர்கிறது. கிடைத்த துறையில் மனம் ஒட்டாத பிள்ளைகள் ஒருபுறம். ஊர் என்ன சொல்லும் என்று கலங்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் மறுபுறம்.

ஹேர்ட்ஸ் 1857இல் ஹம்பேர்க் நகரில் பிறந்தார். தந்தை வசதியான வழக்கறிஞர். பொறியியலாளராகும் எண்ணத்தோடு பிராங்பேர்ட்டில் ஒரு வருடம் தொழிற்பயிற்சி பெற்றார். 1876இல் டிரெஸ்டனில் பொறியியல் படிக்கத் தொடங்கினார். சில மாதங்களில் இராணுவ சேவை குறுக்கிட்டது. அது முடிந்து, 1877இல் பொறியியலைத் தொடர்வதற்காக மியூனிச் போனார். அங்கேதான் மனம் திரும்பியது. இயற்கையின் விதிகளைத் தேடுவதே தனது வேலை என்று உணர்ந்தார்.

அவர் வீட்டுக்குத் தெரியாமல் மாறிவிடவில்லை என்பதை நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். பெற்றோருக்குக் கடிதம் எழுதிக் காரணங்களை விளக்கினார். புதிய பாதையில் நீண்ட காலம் தந்தையின் பணத்திலேயே தங்கியிருக்க நேரும் என்பதையும் மறைக்கவில்லை. தந்தை சம்மதித்தார். மகன் மியூனிச் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகவியலும் படிக்கத் தொடங்கினார்.

ஒரு வருடத்தில் மீண்டும் ஒரு மாற்றம். 1878இல் பேர்லின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அன்றைய ஜேர்மனியில் நல்ல ஆசிரியரைத் தேடி மாணவர்கள் பல்கலைக்கழகம் மாறுவது வழமையான விடயம். பேர்லினில் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருந்தார். மின்னோட்டத்துக்குச் சடத்துவம் உண்டா என்ற போட்டி வினாவைப் பரிசோதனையால் ஆராய்ந்து, 1879இல் ஹேர்ட்ஸ் தங்கப் பதக்கம் வென்றார். 1880இல் கலாநிதிப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 23கூட நிரம்பவில்லை.

மின்காந்தம் பற்றிய மக்ஸ்வெல்லின் கோட்பாட்டோடு தொடர்புடைய இன்னொரு கடினமான வினாவையும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அவர் முன் வைத்தார். அதை எட்டும் வழி அப்போது தென்படாததால் ஹேர்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. ஆனால் மறக்கவுமில்லை. 1885இல் கார்ல்ஸ்ரூஹேயில் பேராசிரியரானபோது நல்ல ஆய்வுகூடம் கையில் கிடைத்தது. ஓரிடத்தில் மின்பொறியை உண்டாக்கினார். எந்தக் கம்பித் தொடர்பும் இல்லாமல், தள்ளி வைத்திருந்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலும் பொறி தோன்றியது. 1888 அளவில், இந்த அலைகளும் ஒளியைப் போலத் தெறிக்கின்றன, முறிவடைகின்றன என்று காட்டினார். பொறியியல் ஆசையில் பழகிய கைத்திறனும் பின்னர் கற்ற கணிதமும் அந்த ஆய்வுகூடத்தில் ஒன்றுசேர்ந்தன. முதலில் படித்தது வீணாகவில்லை.

1894 ஜனவரி முதலாம் திகதி, பொன் நகரில் 36 வயதில் அவர் காலமானார். தனது அலைகளால் நடைமுறைப் பயன் உண்டென்று அவர் நினைத்திருக்கவில்லை. அடுத்த சில வருடங்களில் மார்க்கோனி அவற்றைக் கொண்டே செய்தி அனுப்பினார்.

நமது நாட்டில் பல்கலைக்கழகம் மாறுவது அவ்வளவு இலேசானதல்ல. எனவே சலிப்பு வந்ததும் மாறச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை கூறுவதில்லை. எதை விட்டு ஓடுகிறாய் என்பதை விட, எதைத் தேடிப் போகிறாய் என்றே கேட்கிறேன். அதற்குத் தெளிவான பதில் உள்ள பிள்ளை வீட்டில் வாய் திறக்கும்போது, பெற்றோர் ஊரின் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் பதிலை முழுமையாகக் கேட்க வேண்டும். ஹம்பேர்க்கின் அந்த வழக்கறிஞர் தன் மகனுக்குச் செய்ததும் அதைத்தான்.