மார்கரீத்தம்மாளின் கல்யாண உடுப்பு

தாய்மார்களே! பெட்டியின் அடியில் கிடக்கும் பழந்துணியைத் தூக்கி எறியுமுன், அர்ச். ஜான் போஸ்கோவின் தாயார் மார்கரீத்தம்மாளைச் சற்று நினையுங்கள்.

1788-ல் இத்தாலியில் பிறந்த இவ்வம்மாள் 29 வயதில் கைம்பெண்ணானார். 1846-ல், தம் 58-ம் வயதில், கிராமத்து வீட்டை விட்டு, மகன் சேர்த்துவைத்த ஏழைச் சிறுவர்களுக்குத் தாயாகத் தூரின் நகருக்கு வந்தார். பத்திரப்படுத்தியிருந்த கல்யாண உடுப்புகள் பூசை உடுப்புகளாயின; வெள்ளைத் துணிகள் கோவிலுக்கு வேண்டிய துகில்களாயின. இரவில் விளக்கடியில் அமர்ந்து சிறுவர்களின் கிழிசல்களுக்கு ஒட்டுப் போட்டார்.

பிள்ளைகளோ, துவைத்துக் காயப்போட்ட துணிகளை மண்ணில் தள்ளினார்கள். தைத்துக் கொடுத்ததை மறுபடி கிழித்து வந்தார்கள். மனம் நொந்த தாய், ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னார். மகன் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். தாய் மறுபேச்சின்றி வேலைக்குத் திரும்பினார். 1856-ல் மரிக்கும்வரை அவ்வில்லத்தை விட்டுப் போகவில்லை.

உங்கள் பழஞ்சேலையிலும் ஒரு பிள்ளைக்குப் பாவாடை சட்டை இருக்கிறது. கத்தரியும் ஊசியும் வீட்டில் உண்டு. பொறுமையை அவ்வம்மாளிடம் கற்றுக்கொள்ளுங்கள்.