நூலைச் சீராக்கியவரின் கணக்கு

நெசவு தெரிந்தவர்களுக்கு நூலின் குணம் தெரியும். ஓரிடத்தில் தடிப்பு, அடுத்த சாணில் தலைமயிர் போல மெலிவு. மெலிந்த இடத்தில் அறும். முடிச்சுப் போட்டே பொழுது போய்விடும். நானும் கைத்தறி நிலையமொன்றில் சில வருடங்கள் இருந்தவள். அதனாலோ என்னவோ, சாமுவேல் குரொம்ப்டன் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

1753இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், பொல்டன் நகருக்கு அருகே பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். தாய் கண்டிப்பானவர்; நாளுக்கு இவ்வளவு நூற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார். வீட்டில் இருந்த ஜெனி இயந்திரத்தின் நூலோ ஓயாமல் அறுந்தது. ஆர்க்ரைட்டின் உருளை இயந்திரம் உறுதியான நூல் தந்தது, ஆனால் மெல்லிய நூலுக்கு அது சரிவரவில்லை. மெல்லிய நூலென்றால் அக்காலத்தில் வங்காளத்து மஸ்லின்தான்.

1774 தொடக்கம் ஐந்து வருடங்கள், பெரும்பாலும் இரவுகளில், குரொம்ப்டன் தனியே உழைத்தார். கருவிகள் வாங்குவதற்காகப் பொல்டன் நாடகக் கொட்டகையில் வயலின் வாசித்தார்.

அவர் செய்தது இதுதான். பஞ்சுத் திரியை முதலில் உருளைகள் இழுத்து மெலிதாக்கும். கதிர்கள் பூட்டிய வண்டி, உருளைகள் விடுவதைவிடச் சற்று வேகமாகப் பின்னோக்கி ஓடும். ஓடும்போதே கதிர்கள் முறுக்கும். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும். அங்கே நூல் இறுகிவிடும். தடித்த இடம் இறுகாமல் இருப்பதால், வண்டி இழுக்க அதுதான் நீளும். இப்படி மேடும் பள்ளமும் தானாகவே சமப்படும். நூல் சீரில்லாததை அவர் நூலைக் கொண்டே திருத்தினார். எனக்கு இன்றும் வியப்பான இடம் இது. ஜெனியும் உருளையும் கலந்த பிறவி என்பதால் பின்னர் அதற்கு மியூல், அதாவது கோவேறு கழுதை, என்று பெயர் வந்தது.

1779இல் வேலை முடியும் தறுவாயில், பிழைப்புப் போகும் என்று அஞ்சியவர்கள் அப்பகுதியில் இயந்திரங்களை உடைத்து வந்தார்கள். அவர் தன்னுடையதைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கூரைக்குள் ஒளித்தார். தையல் மெசினைக் கழற்றிப் புதைத்துவிட்டு இடம்பெயர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அமளி அடங்கியது. அவருடைய நூலைக் கண்டு ஊரே வியந்தது. ஏணி வைத்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். காப்புரிமை எடுக்கப் பணமில்லை. இயந்திரத்தைத் திறந்து காட்டினால் பணம் தருவதாக ஆலைக்காரர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். அவர் நம்பிக் காட்டினார். கையில் சேர்ந்தது சுமார் 60 பவுண். கையெழுத்திட்ட சிலர் அதையும் தரவில்லை.

1811இல் அவரே ஆலை ஆலையாகச் சென்று எண்ணினார். நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் அவருடைய முறையில் சுழன்றுகொண்டிருந்தன. அந்தக் கணக்கோடு நாடாளுமன்றத்திடம் போனார். கோரிக்கை நிலுவையில் இருந்தபோது, 1812 மே 11 அன்று, பிரதமர் பெர்சிவல் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் கிடைத்தது 5,000 பவுண். அதுவும் நட்டப்பட்ட தொழில்களில் கரைந்தது.

அதே மெல்லிய நூல்தான் வங்காளத்தில் கையால் நூற்ற பெண்களின் பிழைப்பையும் பறித்தது. அவர்களுக்காக எந்தச் சபையிலும் மனு வைக்கப்பட்டதாக நான் வாசித்ததில்லை.

குரொம்ப்டன் 1827 ஜூன் 26 அன்று, 73ஆவது வயதில் காலமானார். 1862இல் பொல்டனில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.